கெமிஸ்ட்ரிக்கு சூம் கிளாஸா, டவுன் பேப்பர் கிளாஸா? ரெண்டு ஷை எழுதினவன் சொல்றன்

தங்கச்சி ஏஎல் (உயர்தரம்) பயோ படிக்கிறா. கெமிஸ்ட்ரிக்கு வெளியூர் சேர்ட சூம் கிளாசுல போடுறதா இல்ல திருக்கோணமலை டவுனுக்க நடக்கிற கிளாசுக்கு அனுப்புறதா எண்டு அம்மா ஒரு மாசமா என்னைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. நான் ரெண்டுலயும் இருந்தவன். முதல் ஷை (ஏஎல் எக்ஸாம் எழுதின முதல் தடவை) முழுக்க சூம், செகண்ட் ஷைக்கு டவுன் பேப்பர் கிளாஸ், அதாவது பேப்பர் எழுதிக் குடுத்துத் திருத்தி வாங்குற கிளாஸ். அம்மாவுக்குச் சொன்னதையே இங்கயும் எழுதிவிடுறன், உவர்மலையிலயும் பாலையூத்திலயும் இதே கேள்வியோட இன்னும் பத்து வீடாவது இருக்கும்.

முதல்லயே சொல்லிடுறன், நான் டவுன் கிளாஸ் பக்கம். நடுநிலை எண்டு பம்மாத்து விடேல்ல.

காசுல பெரிய வித்தியாசமில்ல, சூமுக்கு டேட்டா போடோணும், டவுனுக்கு பஸ் காசு குடுக்கோணும். சூம்ல ரெக்கோடிங் இருக்கு, விளங்காட்டித் திருப்பிப் பாக்கலாம், டவுன்ல ஃபேனுக்குக் கீழ இடம் பிடிக்காட்டி தகரக் கூரைக்குக் கீழ அவியத்தான் வேணும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

சூமுக்குக் குடுக்கவேண்டிய மரியாதையைக் குடுக்கத்தான் வேணும். தியரி படிப்பிக்கிறதுல அந்த சேரை அடிச்சுக்க ஆளில்ல. சேதன இரசாயனத்துல எலக்ட்ரோன் எங்கயிருந்து எங்க போகுது எண்டு அம்புக்குறி போட்டுக் காட்டினா மூளைக்குள்ள அப்பிடியே நிக்கும். எங்கட பட்ச் 2022, கரண்ட் கட்டிலயே காலம் போன வருசம், மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கூட வெட்டினாங்க. அந்த நேரத்துலயும் போனுக்கு எங்கயாவது சார்ஜ் ஏத்திக்கொண்டு வந்து இருட்டுக்க இருந்து படிச்சு சிலபஸ் முடிச்சன். அதால சூம் கூடாது எண்டு நான் சொல்லமாட்டன்.

பிறகு எக்ஸாம். 2023 ஜனவரி 23 தொடங்கினது, ரிசல்ட் வந்தது செப்டம்பர் 4. கெமிஸ்ட்ரி எஸ், வெறும் பாஸ். தியரி எல்லாம் தெரியும், ஆரும் கேட்டாச் சொல்லிக்குடுப்பன், பிறகு எப்பிடி எஸ் எண்டு ரெண்டு நாள் சாப்பாடே இறங்கேல்ல. அடுத்த எக்ஸாம் 2024 ஜனவரி 4 எண்டு வந்திட்டுது, சரியா நாலு மாசம். திரும்ப முதல்லயிருந்து தியரி கேக்க நேரமில்ல எண்டுதான் டவுன் பேப்பர் கிளாசுக்குப் போனன். விரும்பிப் போகேல்ல, வேற வழியில்லாமப் போனது.

போன முதல் நாளே, சூம் கிளாசுல எழுதி நானே திருத்தின பழைய பேப்பர் ஒண்டைக் கொண்டு போய் அங்கத்த சேருக்குக் காட்டினன். அது ரெண்டாம் பேப்பர், வசனமா எழுதுற பகுதி, 100க்கு மாத்தி 78 எண்டு எனக்கு நானே போட்டிருந்தன். சேர் சிவப்புப் பேனையை எடுத்து அங்கயே நிண்டபடி திருத்தினார். 51.

எங்க போச்சு 27 மார்க்ஸ்? ஒவ்வொண்டாக் காட்டினார். குளோரைட்டுக்கு வெள்ளி நைத்திரேற்றுப் போட்டா என்ன நடக்கும் எண்டதுக்கு நான் "வீழ்படிவு தோன்றும், ஐதான அமோனியாவில் கரையும்" எண்டு எழுதியிருந்தன்.

"வீழ்படிவு என்ன நிறமடா தம்பி?"

"வெள்ளை சேர்."

"பேப்பர்ல எங்க வெள்ளை?"

இல்ல. மண்டைக்குள்ள இருந்தது, பேப்பர்ல இல்ல. நான் திருத்தேக்க அந்த வெள்ளையை மனசால வாசிச்சு சரி போட்டிருக்கிறன். பெர்மங்கனேற்று நியமிப்புல முடிவுப் புள்ளிக்கு "நிறம் மாறும்" எண்டு எழுதியிருந்தன், நிறமில்லாததுல இருந்து நிலைச்சு நிக்கிற மெல்லிய இளஞ்சிவப்பு எண்டு வரவேணும். கிரிக்னாட் தாக்குபொருள் செய்யிறதுக்கு ஈதர் எண்டு போட்டிருந்தன், "உலர்" எண்ட சொல்லக் காணேல்ல, ஒரு சொட்டுத் தண்ணி பட்டா அந்தத் தாக்குபொருளே செத்துப்போகும் எண்டு எனக்கே தெரியும், அப்பிடியிருந்தும் எழுதேல்ல. வாயுக் கணக்குல அமுக்கத்தைப் பஸ்கால்ல போட்டுட்டு கனவளவை கன டெசிமீற்றர்லயே விட்டிருக்கிறன், விடை ஆயிரம் மடங்கு தள்ளிப் போச்சு, அதுக்கும் "முறை சரிதானே" எண்டு முக்கால் மார்க்ஸ் போட்டிருந்தன். சமன்பாட்டுல பௌதிக நிலை (திண்மமா, திரவமா, வாயுவா எண்டு) கட்டாயம் எண்டு புள்ளித்திட்டத்துல, எதுக்கு எவ்வளவு மார்க்ஸ் எண்டு சொல்ற தாள்ல, சில இடத்துல போட்டிருக்கும், சில இடத்துல தேவையில்ல எண்டிருக்கும். அந்தச் சின்ன வரியை நான் ஒருநாளும் வாசிக்கேல்ல.

என்ட முழுக் கதையும் இதுதான், பேப்பரை ஆர் திருத்துறது. முதலாம் பேப்பர்ல 50 எம்சிகியூ, 2 மணித்தியாலம், அதை விடையைப் பாத்து நீங்களே சரி பிழை போடலாம், 31இல இருந்து 40 வரைக்கும் வாற ஏ பி சி டி சேர்க்கைக் கேள்வியில மூளை குழம்பினாலும் விடை ஒரு நம்பர்தான். ரெண்டாம் பேப்பர் அப்பிடியில்ல. 3 மணித்தியாலம், அமைப்புக் கட்டுரை நாலும் கட்டாயம், அதுக்கு 400, பிறகு பி பகுதியில ரெண்டு சி பகுதியில ரெண்டு எண்டு நாலு கட்டுரை, ஒண்டுக்கு 150, எல்லாமா 1000. அவ்வளவும் கையால எழுதுற வசனம். எழுதினவனே திருத்தினா, எழுதாததும் அவன்ட கண்ணுக்குத் தெரியும்.

சூம்ல அந்த வேலை நடக்கேல்ல. நாங்க அறுநூறு பேர், சேர் என்ன செய்வார் பாவம், புள்ளித்திட்டத்தை வாட்ஸப்புல போட்டுட்டு நீங்களே திருத்துங்கோ எண்டுவார். ஆள் வைச்சுத் திருத்திக் குடுக்கிற சூம் கிளாசும் இப்ப இருக்கெண்டு சொல்றாங்க, நான் படிச்சது அப்பிடியானதுல இல்ல, அதால அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல.

இன்னொண்டு, கல்குலேட்டர். எக்ஸாமுக்குக் கல்குலேட்டர் கொண்டுபோகேலாது எண்டு பேப்பர்லயே இருக்கு. வீட்ட சூம்ல இருக்கேக்க போன் கைக்குள்ளதானே, 8.314ஐ 300ஆல பெருக்கு எண்டா விரல் தானாப் போகும். டவுன் கிளாசுல வாசல்ல ஒரு பிளாஸ்டிக் கூடை, போனை அதுக்க போட்டுட்டுத்தான் உள்ள. முதல் ரெண்டு கிழமை 2494.2ஐக் கையால எடுக்கவே நாக்குத் தள்ளிச்சு. பிறகு பழகிட்டுது.

"யாழ்ப்பாணத்துப் பிள்ளையளோட போட்டி போடுறதெண்டா அங்கத்த சேர்தான் வேணும்" எண்டு ஒரு மாமா வீட்ட வந்து சொல்லிட்டுப் போனார். கம்பஸ் (பல்கலைக்கழக) இடத்துல 40 வீதம்தான் அகில இலங்கைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. தங்கச்சிட இசட் ஸ்கோருக்கு (கம்பஸுக்கு ஆளெடுக்கப் பாக்கிற புள்ளி) கூடுதலாப் போட்டி போடப்போறது பக்கத்துக் கதிரைப் பிள்ளை, மாமா.

சொந்தமாப் படிக்கிறது மூண்டாவது வழி. தேசிய கல்வி நிறுவகத்துட வளநூல் தமிழ்ல இருக்கு, இன்டர்நெட்ல சும்மா எடுக்கலாம், நல்ல புத்தகம், ரியூற்றுகள்ல (கிளாசுல குடுக்கிற நோட்டுத்தாள்) இருக்கிற பிழை அதுல குறைவு. ஆனா தனிய இருந்து முடிக்கிற ஒழுங்கு எனக்கு இல்ல, இருக்கிற ஆக்கள் இதை வாசிச்சுக்கொண்டு இருக்கமாட்டாங்க.

டவுன் கிளாசுல எனக்கு நாலு மாச அனுபவம்தான், அதுவும் இருபத்தஞ்சு பேர் இருந்த ஒரு சின்ன கிளாஸ். டவுன்ல தியரி எப்பிடி எண்டு என்னட்டக் கேக்காதீங்க, நான் இருக்கேல்ல. பேப்பரை வாங்கி அடுக்கி வைச்சிட்டு மாசக்கணக்கா திருப்பித் தராத கிளாசும் டவுனுக்க இருக்கு, அதுக்கு சூமே மேல். சேர முதல் அங்க படிக்கிற ஒரு பிள்ளையிட்ட கடைசியாத் திருத்தி வந்த பேப்பரைக் காட்டச் சொல்லுங்க. சும்மா டிக் மட்டும் இருக்கா, பக்கத்துல ஏதாவது எழுதியிருக்கா எண்டு பாருங்க.

மூதூர், குச்சவெளி பக்கத்துப் பிள்ளையளுக்கு இந்தக் கணக்கு வேற. பஸ்ஸுக்கே அரை நாள் போனா பேப்பர் கிளாசால என்ன பிரயோசனம், பாடசாலை டீச்சரைப் பிடிச்சு வாரம் ஒரு கட்டுரையாவது திருத்துவிக்கலாம் எண்டுதான் நினைக்கிறன். புல்மோட்டைப் பிள்ளையள் பாவம், ரூட்டைல் எண்ட கனிமத்துல இருந்து தைத்தேனியமீரொட்சைட்டு எடுக்கிறது சிலபஸ்ல இருக்கு, மண் அவங்கட கடற்கரையில கிடக்கு, அதைப் படிக்க டவுனுக்கு பஸ் ஏறி வரோணும்.

எனக்கு செகண்ட் ஷை பி வந்திச்சு. ஏ வரேல்ல, அது அசேதனத்துல நான் விட்ட பிழை.

கடைசியில தங்கச்சிக்கு ரெண்டும் எண்டு முடிவாச்சு, தியரி சூம்ல, சனிக்கிழமை காலையில டவுன் பேப்பர் கிளாஸ். போன கிழமை முதல் பேப்பர் திருத்தி வந்தது, 43. முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு வந்து என்ட மேசையில போட்டா. மூண்டாம் பக்கத்துல சிவப்புல ஒரு வட்டம், பக்கத்துல "நிறம்?" எண்டு எழுதியிருந்திச்சு. அதே கையெழுத்து.