650 ரூபாய் கேசிங்: பெட்டி தங்கம், கேபிள் பித்தளை

சென்னை ரிச்சி தெருவில் கேபிளோடு வாங்கிய இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் கேசிங் இது, அதாவது கழற்றிய டிஸ்க்கை யூஎஸ்பியில் செருக உதவும் பெட்டி. செத்துப்போன லேப்டாப்பிலிருந்து கழற்றிய 1 டிபி டிஸ்க்கை இதில் போட்டேன். அப்பா சேர்த்து வைத்திருந்த 160 நாகஸ்வரக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றியதில் 340 ஜிபி ஆகியிருந்தது. அதற்கு இன்னொரு பிரதி வேண்டும், அவ்வளவுதான் தேவை.

பெட்டியில் குறை இல்லை. அலுமினிய உடம்பு, திருகு இல்லாத மூடி, டிஸ்க் ஆடாமலிருக்க உள்ளே ஸ்பாஞ்ச். நீல விளக்கு மட்டும் கண்ணைக் குத்துகிறது. மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன்.

வம்பு வேகத்தில்தான். டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில் செருகிக் காப்பி போட்டதும் நொடிக்கு 400 எம்பி என்று காட்டியது. அது டிஸ்க்கின் வேகமில்லை, ரேம் வாங்கி வைத்துக்கொள்ளும் வேகம். அரை நிமிடத்தில் 36க்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இப்படிப் போனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைக்குப் போன் செய்தால், "லினக்ஸ்ல அப்படித்தான் சார் வரும், விண்டோஸ் போட்டுப் பாருங்க" என்றார். நானும் ஒரு நாள் முழுக்க லினக்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

36 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். யூஎஸ்பி 2.0இல் நடைமுறையில் கிடைப்பது 35, 40தான். செருகிய கருவிகள் எந்த வேகத்தில் இணைந்திருக்கின்றன என்று காட்டும் 'எல்எஸ்யூஎஸ்பி -டி' கட்டளையை டெர்மினலில் அடித்தேன். யூஎஸ்பி 3.0க்கு உரிய 5000எம் வரவேண்டிய இடத்தில் 2.0இன் 480எம். 3.0க்கு அடையாளமாக போர்ட்டும் நீலம், கேபிளின் வாயும் நீலம். ஆனால் 3.0க்காகக் கூடுதலாக வைத்த ஐந்து முனைகளில் தொடர்பு விட்டுப்போனால், டிஸ்க் சத்தமே போடாமல் பழைய நான்கு முனைகளில் ஓடத் தொடங்கிவிடும். நண்பரின் கேபிளைப் போட்டதும் 5000எம் வந்தது. வேகம் 104 எம்பி. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டது.

அப்புறம் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம் ஓடும் பழைய மேசைக் கணினி. அங்கே மறுபடி 22. இந்த முறை கேபிளைக் குறை சொல்ல வழியில்லை. அங்கே இணைப்பு வேகத்தைக் காட்டும் 'யூஎஸ்பிகான்ஃபிக்' கட்டளை 'சூப்பர்', அதாவது 3.0 வேகம் என்றே காட்டியது. டிஸ்க்கை நேரடியாகப் படித்து வேகம் அளக்கும் 'டிஸ்க்இன்ஃபோ -டி' வெளி ஓரத்தில் 106, உள் ஓரத்தில் 52 என்றது. சுழலும் தட்டுக்கு அது இயல்புதான். கடைசியில் குற்றவாளியாகச் சிக்கியது என்டிஎஃப்எஸ், டிஸ்க்கில் இருந்த விண்டோஸின் கோப்பு முறை. ஃப்ரீபிஎஸ்டியில் அதை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வெளியே, ஃபியூஸ் என்ற இடைவழியாகத்தான் ஏற்ற முடிந்தது, பழைய பிராசஸருக்கு அதிலேயே மூச்சு வாங்கியது. டெபியனில் நான் பயன்படுத்தியது கெர்னலுக்குள்ளேயே இருக்கும் என்டிஎஃப்எஸ்3 டிரைவர், 2021இல் லினக்ஸ் கெர்னல் 5.15உடன் வந்தது. அதனால் அங்கே இது தெரியவில்லை. டிஸ்க்கை அழித்து, இரண்டு கணினிக்கும் பொதுவான இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைக்கு மாற்றி மறுபடி ஏற்றினேன். இப்போது இரண்டிலும் 90க்குக் குறையவில்லை.

பெட்டிக்கு ஐந்துக்கு நான்கு, கேபிளுக்குப் பூஜ்யம். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறு கேபிள் கொடுத்தார். அதைக் கல்லாவின் மேலேயே லேப்டாப்பை விரித்துச் செருகி, 5000எம் வந்த பிறகுதான் படியிறங்கினேன்.