பனி பிடிக்காத குழாய்: சோலார் வாட்டர் ஹீட்டரோடு ஆறு குளிர்காலம்

உதகை காந்தலில் இருக்கும் என் சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, உங்க வீட்ல சோலார் ஹீட்டர் போட்டு ரொம்ப நாளாச்சே, நல்லா இருக்கா? நாங்களும் போடலாம்னு பாக்குறோம்" என்றாள். அரை மணி நேரம் பேசியும் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் கூரையேறி ஒரு கண்ணாடிக் குழாயை மாற்றியிருந்தோம். அந்தக் கோபம் ஒரு பக்கம். போன் வந்த அன்று காலையில் ஆவி பறக்கக் குளித்த சுகம் இன்னொரு பக்கம். போனில் விட்டுப்போனதை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன். மலையில் இருக்கிற வேறு யாருக்காவது பயன்படட்டும்.

எங்கள் ஊர் கோத்தகிரிப் பக்கம். 2019 மார்கழியில் எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள் சேர்ந்து வாங்கினோம். எல்லாம் ஒரே மாதிரி: 100 லிட்டர் டேங்க், 15 கண்ணாடிக் குழாய். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரே வண்டியில் ஏற்றி வந்ததால் வண்டி வாடகை ஒன்பதாகப் பிரிந்தது. குழுவில் கடன் எடுத்துப் போட்டவர்களும் உண்டு, தேயிலை போனஸில் போட்டவர்களும் உண்டு. அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் செம்பு பாய்லர். சீகை மர விறகும், தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டின வருஷம் தேயிலைக் குச்சியும் போட்டு எரிப்போம். கவாத்து நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான். மற்ற வருஷங்களில் அம்மா விடியலில் ஓடைப் பக்கம் போய்ச் சுள்ளி பொறுக்கி வருவார். காட்டெருமை நிற்கிற வழி அது. அம்மா திரும்பி வரும்வரை எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஹீட்டர் வந்த பிறகு அம்மா அந்தப் பக்கம் போவதில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்த இயந்திரத்தின் ஆயிரம் குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாத குற்றம் ஒன்று இருக்கிறது. அது இயந்திரத்துடையது இல்லை, பைப்புடையது.

ஹீட்டர் மாட்ட வந்தவர் கூரையைப் பார்த்தார், தெற்குத் திசையைப் பார்த்தார், ஸ்டாண்டை நிறுத்தினார், மாட்டிவிட்டார். வேலை சுத்தம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பாத்ரூம் வீட்டுக்குப் பின்னால், வடக்கு மூலையில். டேங்க் முன்பக்கம். சுவரோரமாக வளைந்து வளைந்து முக்கால் இஞ்ச் பைப் 60 அடி போகிறது. அந்தப் பைப்புக்குள் எப்போதும் ஐந்து லிட்டர் தண்ணீர் நிற்கும். ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர் காலையில் ஐஸாக இருக்கும். டேங்கில் கைவைக்க முடியாத சூடு இருந்தாலும், முதலில் அந்த ஐந்து லிட்டர் வெளியே வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு வருகிற சூட்டிலும் கொஞ்சத்தைச் சில்லிட்ட பைப்பே குடித்துவிடும்.

வீட்டில் நாலு பேர், நாலு நேரத்தில் குளிக்கிறோம். நாலு தடவை ஐந்து லிட்டர் என்றால் நாளைக்கு 20 லிட்டர். வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தாலும் 6,000 லிட்டர். கூரையில் இருக்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்கை ஆறு தடவை நிரப்பிச் சாக்கடையில் கவிழ்ப்பதற்குச் சமம். எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு தடவைதான் வரும். மாசி, பங்குனியில் அதுவும் தள்ளிப்போகும். விறகை மிச்சம் பிடித்துத் தண்ணீரை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஆறு வருஷமாக பாத்ரூமில் ஒரு பச்சை பக்கெட் நிரந்தரமாக நிற்கிறது. முதல் ஐந்து லிட்டர் அதில்தான் விழும். துணி அலசவும் கீரைப் பாத்திக்கும் போகும். மார்கழி விடியலில் ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் பக்கெட்டுமாக நடுங்கிக்கொண்டு நின்றால்தான் இந்த எரிச்சல் என்னவென்று தெரியும்.

பைப்புக்கு மேல் ஃபோம் சுற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். ஏசி பைப்புக்குப் போடுகிற கறுப்பு ஃபோம் வாங்கிச் சுற்றினேன். மலை வெயிலில் இரண்டே வருஷத்தில் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது, மிச்சத்தைக் குரங்கு உரித்தது. இப்போது ஃபோமைச் சுற்றி, அதை இரண்டு இஞ்ச் பிவிசி பைப்புக்குள் நுழைத்து வைத்திருக்கிறேன். நிற்கிறது. ஆனால் ஃபோமால் தீருகிற குறை பாதிதான். ஒருவர் குளித்து அரை மணிக்குள் அடுத்தவர் போனால் பைப்பில் சூடு நிற்கும், பக்கெட் தேவைப்படாது. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை நின்ற தண்ணீரை எந்த ஃபோமும் காப்பாற்றாது. எதிர்வீட்டு அக்கா அரை இஞ்ச் பைப் போட்டு, சுவரைத் துளைத்து நேராக இறக்கிவிட்டார். அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போனாலே சூடு வந்துவிடுகிறது. தண்ணீர் கொஞ்சம் மெதுவாக விழும், அவ்வளவுதான். அவர் வீட்டில் கை கழுவும்போதெல்லாம் எனக்கு என் பைப் ஞாபகம் வரும்.

இனி, நான் எதிர்பார்க்காத சந்தோஷம்.

குளிர்காலத்தில் சோலார் வேலை செய்யாது என்றுதான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். நடந்தது நேர்மாறு. இங்கே உறைபனி விழுகிற ராத்திரி மேகமே இல்லாத ராத்திரி. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால்தான் பூமியின் சூடெல்லாம் மேலே போய்ப் புல் வெளுக்கும். அதே வானம் மறுநாள் பகலிலும் வெயிலை அள்ளிக் கொட்டும். தை மாதம் நிழலில் நின்றால் பல் கிட்டிக்கும், கூரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டு சுவருள்ள கண்ணாடிக் குழாய், நடுவில் வெற்றிடம், பிளாஸ்க் மாதிரி. வெளியில் எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ளே எட்டாது. எந்த மாதம் வெந்நீர் மிகவும் தேவையோ அந்த மாதம்தான் அது நன்றாகக் காய்கிறது. முதல் வருஷம் பொங்கலன்று காலை நாங்கள் நாலு பேரும் தலைக்குக் குளித்த பிறகும் டேங்கில் சூடு மிச்சம் இருந்தது. அம்மா குழாயைத் திறந்து திறந்து பார்த்தார்.

மழைக்காலம்தான் மோசம். தென்மேற்குப் பருவமழையை தொட்டபெட்டா ஓரளவு மறித்துவிடுவதால், ஆடியில் உதகைக்காரர்கள் படுகிற பாடு எங்களுக்கு இல்லை. எங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும். மஞ்சு, அதாவது மூடுபனி, வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அந்த வாரங்களில் டேங்குக்குள் இருக்கிற கரண்ட் காயிலைப் போடச் சொல்வார்கள். போடுமுன் ஒரு கணக்கு: 2,000 வாட் காயில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட், 100 லிட்டரும் 17 டிகிரி ஏறும். ஒரே ஒருவர் குளிப்பதற்காக 100 லிட்டரைச் சூடாக்குவது வீண். ஒரு பக்கெட், 20 லிட்டர், 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ராடு போட்டுக் காய்ச்சினால் முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அதனால் மஞ்சு மாதங்களில் எங்கள் வீட்டில் ராடுதான். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவின பிறகுதான் தண்ணீரில் கை வைக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

கரண்ட் பில் விஷயம் சுருக்கமாக. கீசர் மட்டும் வைத்திருந்தால் 100 லிட்டரை 30 டிகிரி ஏற்ற நாளைக்கு மூன்றரை யூனிட், இரண்டு மாத பில்லில் 200 யூனிட்டுக்கு மேல். நம் ஊரில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்கிறோம். கீசர் வைத்திருக்கிற மேல்தெரு வீடுகளில் தை மாச பில் வரும்போது கேட்கிற புலம்பல் எங்கள் வீட்டில் இல்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை உடைந்த குழாய்க்கு வருகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை டேங்கின் அடியில் தேங்கிய வண்டலைத் திறந்துவிட்டுக் கழுவுவோம். அன்று தண்ணீர் வர மதியமாகிவிட்டது. குழாய்கள் காலையிலிருந்து வெறுமனே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வெறும் குழாய் 150 டிகிரிக்கு மேல் போகும். என் மகனுக்கு அது தெரியாது. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் வால்வைத் திறந்துவிட்டான். படார் என்று ஒரு சத்தம். ஒரு குழாய் போனால் ஒன்றோடு நிற்காது. எல்லாக் குழாயும் ஒரே டேங்கில் சொருகியிருப்பதால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் மொத்தமும் இறங்கிவிடும். வாராவாரம் காத்திருந்து பிடித்த தண்ணீர் ஓட்டில் வழிந்து போவதை நின்று பார்த்தேன். விடியலுக்கு முன்னாலோ, பொழுது சாய்ந்த பிறகோதான் வெறும் டேங்கில் தண்ணீர் விட வேண்டும். விற்றவர் இதை எங்கள் ஒன்பது வீட்டில் ஒரு வீட்டுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைக்குப் போன் செய்தால், அந்த அளவுக் குழாய் இப்போது இல்லை, வந்ததும் அனுப்புகிறோம், சர்வீஸ் ஆள் மலை ஏறி வரத் தனிக் கட்டணம் என்றார்கள்.

ஆனால் அன்று சாயங்காலமே குழாய் மாறிவிட்டது. எப்படி என்றால், முதல் வருஷத்திலேயே குரங்கு ஒரு வீட்டில் குழாயை உடைத்தபோது, தெருவில் பேசி வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் போட ஆரம்பித்தோம். அந்தக் காசில் 47 மில்லிமீட்டர் குழாய் பத்து, ரப்பர் வாஷர் ஒரு டஜன் வாங்கி, செய்தித்தாள் சுற்றி எதிர்வீட்டு அக்காவின் பரணில் வைத்திருக்கிறோம். ஒரு நோட்டில் யார் எடுத்தார்கள், எந்தத் தேதி என்று எழுதுவோம். அக்காவும் கடைசி வீட்டுத் தம்பியும் ஏணியோடு வந்தார்கள். குழாயின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி, திருகித் திருகி ஏற்றி, கீழே மூடியைப் போட்டு முடிக்கப் பத்து நிமிஷம். இருட்டின பிறகு தண்ணீர் விட்டோம்.

அந்த அக்கா ஆறாம் வகுப்போடு நின்றவர். அவர் கண்டுபிடித்த ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். இந்தக் குழாயின் அடிநுனியில் வெள்ளி முலாம் மாதிரி ஒரு பூச்சு பளபளக்கும். வெற்றிடம் போய்விட்டால் அது பால் வெள்ளையாக மாறிவிடும். கெட்ட குழாயைக் கண்டுபிடிக்க அதைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் அதற்கு அடிமூடியை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அக்கா சொன்ன வழி: உறைபனி விழுந்த காலையில், வெயில் படுமுன், மாடிப் படியில் நின்று பார்த்தாலே போதும். நல்ல குழாய் மேல் பனி வெள்ளையாகப் பிடித்திருக்கும். உள்ளே இருக்கிற சூடு வெளிக் கண்ணாடிக்கு வரவில்லை என்று அர்த்தம். ஒரு குழாய் மட்டும் கறுப்பாக, ஈரமாக, பனி பிடிக்காமல் நின்றால் அதுதான் சூட்டைக் கசியவிடுகிற குழாய். போன தையில் ஒன்பது வீட்டுக் கூரையையும் அப்படியே பார்த்துக்கொண்டு நடந்தோம். மூன்று குழாய் அகப்பட்டன. மூடியைக் கழற்றிப் பார்த்தால் மூன்றும் பால் வெள்ளை.

இன்னும் இரண்டு விஷயம். எங்கள் சரிவில் மதியத்துக்கு மேல் மஞ்சு ஏறிவிடும், அதனால் தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே திருப்பி வைத்தவர்களுக்குச் சூடு கூடக் கிடைக்கிறது. திருப்பூரில் என் நாத்தனார் வீட்டில் போர்த் தண்ணீர் உப்பு இரண்டே வருஷத்தில் குழாய்க்குள் படிந்துவிட்டது. இங்கே ஊற்றுத் தண்ணீர், அந்தத் தொல்லை இல்லை. சித்தி மகள் மானியம் பற்றியும் கேட்டாள். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை தருவது கரண்ட் தயாரிக்கிற பேனலுக்கு. தண்ணீர் காய்ச்சுகிற இந்த ஹீட்டர் வேறு. இரண்டையும் குழப்பிச் சொல்லி விற்க வருகிறவர்களை நம்பாதே என்றேன்.

கடைசியில், "வாங்கலாமா வேண்டாமாக்கா, ஒரே வார்த்தையில சொல்லு" என்றாள். இவ்வளவு புகழ்ந்த பிறகு, வேண்டாம் என்றுதான் சொன்னேன். உன் ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் வேண்டாம். குழாய் உடைகிற அன்றைக்கு உனக்குப் பரணும் இல்லை, ஏணி பிடிக்க ஆளும் இல்லை. போனில் கெஞ்சிக்கொண்டு ஒரு மாதம் பச்சைத் தண்ணீரில் குளிப்பாய். உங்கள் லைனில் நாலு வீடாவது சேர்ந்தால் நாளைக்கே போடு, நானே அக்காவைக் கூட்டிக்கொண்டு காந்தலுக்கு வருகிறேன் என்றேன்.

சரி என்றாள். பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். போனை வைக்குமுன் நான்தான் கேட்டேன், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று. பின்னால் வடக்கு மூலையாம். கூரையிலிருந்து ஒரு கயிறு விட்டு எத்தனை அடி என்று அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.