ஆமைக்குட்டிக்கு ‘முழு செட்’ கூண்டு வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பார்சல் வந்து பதினோரு நாள். இன்று காலை கூண்டை விற்ற ஆள் என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். ஊர்வன வளர்ப்புக்கான சாமான்களை மெசேஜிலேயே ஆர்டர் எடுத்து, முழுப்பணமும் முன்னதாக வாங்கிக்கொண்டு பார்சலில் அனுப்பும் ஆன்லைன் கடை என்று மட்டும் தெரிந்தால் போதும். போனது ஒரு மாத வாடகைப் பணம்.

என்னிடம் இருப்பது ஹெர்மன் என்ற நில ஆமை இனத்தின் குட்டி, இன்னும் ஒரு வயது ஆகவில்லை, எடை 48 கிராம். “குட்டிக்கு வேண்டியது எல்லாமே ஒரே பெட்டியில இருக்கு சார், சுவிட்ச் போட்டா போதும்” என்றார்கள். நம்பியதற்குக் காரணம் இரண்டு. பணத்தைப் பற்றிப் பேசும் முன்பே “குட்டி எத்தனை கிராம்?” என்று கேட்டார். தொழில் தெரியாதவன் வாயில் அந்தக் கேள்வி வராது. அடுத்தது ஒரு வீடியோ. எரிகிற பல்புக்குக் கீழே வெள்ளை அட்டை ஒன்றை நீட்டுகிறார், இரண்டே நொடியில் அட்டை ஊதாவாக மாறுகிறது. “யூவிபி எப்படி அடிக்குது பாருங்க!” பணம் போனது அந்த நிமிஷத்தில்தான்.

யூவிஏ, யூவிபி இரண்டும் புற ஊதாக் கதிர்கள்தான், வகை வேறு. அந்த மாதிரி அட்டைகள் பெரும்பாலும் யூவிஏ பட்டாலே நிறம் மாறிவிடும். ஊதா எல்இடி பல்பு ஒன்று இருந்தால் யார் வேண்டுமானாலும் இந்த வித்தையைக் காட்டலாம். ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உருவாக வேண்டுமென்றால் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள யூவிபி கதிர் வேண்டும். டி3 இல்லையென்றால் எவ்வளவு கால்சியம் தூவினாலும் உடம்பில் ஒட்டாது, வளர்கிற எலும்பும் ஓடும் இளகும்.

பெட்டியில் வந்ததும் ஊதா எல்இடி பல்புதான். யூவி இண்டெக்ஸ் (புற ஊதாக் கதிரின் வலிமை) காட்டும் மீட்டரை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 0.0. பதினைந்தில் 0.0. பல்பின்மேல் ஒட்ட வைத்தும் 0.0. மீட்டர் பழுதோ என்று யூவிபி உமிழும் ஒரு நல்ல டி5 டியூபுக்கு (மெல்லிய குழல் விளக்கு) கீழே, 35 சென்டிமீட்டரில் பிடித்தபோது 3.4 காட்டியது. வெயில் காயும் இடத்தில் இந்த இனத்துக்கு 3-லிருந்து 4 வரை இருக்க வேண்டும். மீட்டரில் ஒரு குறையும் இல்லை.

மீதிச் சாமானும் இதே லட்சணம். சூட்டுக்கு மேலிருந்து அடிக்கும் விளக்கே கிடையாது, அடியில் விரிக்கும் ஹீட் மேட் மட்டும். சூடு ஏறினால் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. அகச்சிவப்பு தெர்மாமீட்டரில் மணலின் மேற்பரப்பு 29 டிகிரி, மணலை விலக்கி அடிக்கண்ணாடியைப் பார்த்தால் 46. ஆமை சூடு தாங்காவிட்டால் மண்ணைத் தோண்டி உள்ளே போகும், கீழே குளிர்ச்சியாக இருக்கும் என்பது அதன் பிறவிக்கணக்கு. இந்தக் கூண்டில் தோண்டத் தோண்ட வயிறு வேகும்.

மணல் என்று கொடுத்தது ‘கால்சியம் மணல்’. இரையோடு சேர்த்து விழுங்கினால் குடலில் கட்டிக்கொள்ளும். ஈரமும் தங்காது. வறண்ட கூண்டில் வளரும் குட்டிக்கு ஓட்டின் தகடுகள் கூம்பு கூம்பாக எழும்பிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. புரதச்சத்து அதிகமானதால்தான் இது வருகிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். சல்கேட்டா என்ற ஆப்பிரிக்க ஆமையின் குட்டிகளை வைத்து 2003-இல் வெளிவந்த ஆய்வு, புரதத்தைவிட காற்றின் ஈரப்பதமே பெரிய காரணம் என்று காட்டியது.

கூண்டு 45-க்கு 30 சென்டிமீட்டர் கண்ணாடித் தொட்டி. கண்ணாடி ஒரு சுவர் என்று ஆமைக்குப் புரியாது. நாலே நாளில் மூக்கு நுனித் தோல் உராய்ந்து வெளுத்துவிட்டது. தண்ணீர்க் கிண்ணம் 6 சென்டிமீட்டர் ஆழம், வழுக்குப் பிளாஸ்டிக். குட்டியே அவ்வளவு நீளம்தான். உள்ளே மல்லாந்து விழுந்தால் மூழ்கிச் சாகும். இதற்கா ஒரு மாத வாடகை?

கேட்டதற்கு வந்த பதில்கள் வரிசையாக: “புது பல்பு சார், 100 மணி நேரம் எரிஞ்சாத்தான் கதிர் வரும்.” அப்பட்டமான பொய். யூவி விளக்கு புதிதில்தான் அதிகம் உமிழும், நூறு மணி நேரம் எரிந்தபின் குறைந்து நிலைப்படும். “உங்க மீட்டர் சரியில்ல.” “அட்டை மாறுதுல்ல, அப்புறம் என்ன?” “பெட்டியைப் பிரிச்ச வீடியோ வெட்டு இல்லாம அனுப்புங்க.” அனுப்பியாயிற்று. “மணல் கொட்டிட்டீங்களே, யூஸ் பண்ண பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்.” “ஓனர் ஊர்ல இல்ல.” கடைசியாக, அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியாம்! அதற்கு மறுநாள் பிளாக். ஒரு மாத வாடகைப் பணம், ஒரு வார்த்தை மன்னிப்பு கூட இல்லாமல்.

என்ன வாங்கலாம் என்று நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

செட்டாக வாங்காதீர்கள், தனித்தனியாக வாங்குங்கள். யூவிபிக்கு, ஊர்வனவற்றுக்கென்றே வரும் யூவிபி டி5 டியூப், ஓட்டிலிருந்து 30–40 சென்டிமீட்டர் உயரத்தில், நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது, இரண்டுமே யூவிபியைத் தடுத்துவிடும். டியூப் எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துபோகும், வருஷத்துக்கு ஒன்று மாற்றுங்கள். சூட்டுக்குத் தனி விளக்கு, அதற்குக் கீழே 32–35 டிகிரி, மறு கோடியில் 22 போல. கண்ணாடி வேண்டாம், நாலு பக்கமும் மறைந்த மரப்பெட்டி, 120-க்கு 60 சென்டிமீட்டர். உரம் கலக்காத மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து ஒரு சாண் இல்லாவிட்டாலும் 8 சென்டிமீட்டராவது, அடிப்பகுதி ஈரமாக இருக்கட்டும். தண்ணீருக்குப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு போதும், தண்ணீர் தாடை மட்டத்தைத் தாண்டக் கூடாது. பல்பு வாங்கினால் அட்டை வீடியோவை ஏற்காதீர்கள், மீட்டர் அளவைக் கேளுங்கள். முழுப்பணத்தையும் முன்னதாக அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இந்த ஊதா பல்பை ஏற்கெனவே மாட்டி வைத்திருப்பவர்கள் இன்றே குட்டியின் ஓட்டை விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பிறந்து சில மாதமே ஆன குட்டிக்கு அடி ஓடு லேசாக நெகிழ்வது இயல்பு. முன்பு கெட்டியாக இருந்தது இப்போது அமுங்கினாலோ, நடக்கும்போது வயிற்றைத் தூக்க முடியாமல் இழுத்தாலோ, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் நாளைக் காலையே கொண்டுபோங்கள்.