மகள் வீட்டு ஆர்.ஓ. வடிகட்டி: தண்ணீருக்குச் சரி, தைராய்டுக்கு?

நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கும் என் மகள் கருவுற்றதும், மாப்பிள்ளை முதல் வேலையாக சமையலறை சிங்க்குக்கு அடியில் பொருத்தும் ஆர்.ஓ. வடிகட்டி ஒன்றை வாங்கி மாட்டினார். பிரசவத்துக்குத் துணையாக வந்திருக்கும் நானும் சில மாதங்களாக அந்தத் தண்ணீரில்தான் சமைக்கிறேன், அதையே குடிக்கிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன், ஏனெனில் இங்கே சொல்லப்போகும் நிறையும் குறையும் இந்த வகை வடிகட்டிகள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். அழியாத இரசாயனங்களை நீக்குவதோடு கர்ப்பிணியின் தைராய்டையும் காக்கும் என்று சொல்லித்தான் இதை விற்றிருக்கிறார்கள். அந்தச் சொல்லின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை அப்படியே ஏற்க முடியவில்லை.

அழியாத இரசாயனங்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வது பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃப்ளூரின் சேர்மங்களை. கார்பனும் ஃப்ளூரினும் இணைந்த பிணைப்பு மிக வலிமையானது என்பதால் வெயிலோ நுண்ணுயிர்களோ அதை எளிதில் உடைப்பதில்லை. ஒட்டாத பாத்திரத் தயாரிப்பிலும், கறைபடாத துணியிலும், விமான நிலையங்களில் பயன்படுத்தும் தீயணைப்பு நுரையிலும் இருந்தவை நிலத்தடி நீருக்குள் இறங்கிவிட்டன. இந்தக் கவலை நியூ ஜெர்சிக்குப் புதிதல்ல. 2018-இல் பி.எஃப்.என்.ஏ. என்ற சேர்மத்துக்கு லிட்டருக்கு 13 நானோகிராம் என்று குடிநீர் வரம்பு விதித்து, அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக நின்றது இந்த மாநிலம்தான். 2020-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ.-வுக்கு 14, பி.எஃப்.ஓ.எஸ்.-ஸுக்கு 13 என்று வரம்புகள் வந்தன. 2024 ஏப்ரலில் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இவ்விரண்டுக்கும் வரம்பை 4 என்று இன்னும் கீழே இறக்கியது. ஆனால் அந்த வரம்பை எட்டுவதற்கான கெடுவை 2031 வரை நீட்டிக்கப்போவதாக 2025 மே மாதத்தில் அறிவித்தது. கருவுற்றிருக்கும் பெண் 2031 வரை காத்திருக்க முடியாது என்பது மாப்பிள்ளையின் வாதம், அதில் நியாயம் உண்டு.

வடிகட்டியின் வேலையைப் பொறுத்தவரை எனக்குக் குறையில்லை. மாநிலச் சான்று பெற்ற ஆய்வகத்துக்கு இரண்டு மாதிரிகள் அனுப்பினோம். குழாய்த் தண்ணீரில் பி.எஃப்.ஓ.ஏ. மாநில வரம்புக்குக் கீழேயும் கூட்டாட்சி வரம்புக்குச் சற்று மேலேயும் இருந்தது. வடிகட்டிய தண்ணீரில் அது கண்டறியும் அளவுக்கே கீழே போயிருந்தது. டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் 2020-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவும் இதே திசையில்தான் இருக்கிறது: சிங்க்குக்கு அடியில் பொருத்தும் ஆர்.ஓ. கருவிகள் இந்தச் சேர்மங்களில் 94 விழுக்காடும் அதற்கு மேலும் நீக்கின, ஜாடியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் வரும் கரி வடிகட்டிகளோ சராசரியாக 73 விழுக்காடுதான் நீக்கின. வாங்குகிறவர்கள் பெட்டியில் என்.எஸ்.எஃப். 58 என்ற தரச்சான்று இருக்கிறதா என்றும், அந்தச் சான்று பி.எஃப்.ஏ.எஸ்.-ஐயும் சேர்த்துத்தான் தரப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். குளோரின் வாடையை நீக்குவதற்கு மட்டும் பெற்ற சான்றைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மற்றதை வாங்குகிறவரின் கற்பனைக்கு விட்டுவிடும் பெட்டிகள் கடைகளில் ஏராளம்.

பொருத்த வந்தவர் டி.டி.எஸ். பேனாவை இரண்டு குவளைகளிலும் நனைத்து, எண் மளமளவென்று இறங்குவதைக் காட்டி, இரசாயனம் போய்விட்டது என்றாராம். சென்னையில் இருந்து வருகிற நமக்கு அந்தப் பேனாவின் மேல் தனி பக்தியே உண்டு. வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அந்தப் பேனா காட்டுவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்பதை, நாம் இங்கே பேசுவது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோகிராம் கணக்கு. பேனாவில் எந்த எண் வந்தாலும் பி.எஃப்.ஏ.எஸ். பற்றி அது எதுவும் சொல்லாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கும் நம் வழக்கமும் இங்கே உதவாது. ஆவியாவது தண்ணீர்தான், சேர்மம் பாத்திரத்திலேயே தங்கி இன்னும் சற்று செறிவாகும்.

அன்றாடப் புழக்கத்தில் சில தொல்லைகள் உண்டு. தனிக்குழாயில் தண்ணீர் மெல்லிய நூலாகத்தான் வருகிறது. விருந்தாளிகள் வந்த நாளில் ஒரு பெரிய பாத்திரத்தை நிரப்பினால் தொட்டி காலியாகி, மறுபடி நிறையும் வரை காத்திருக்க வேண்டும். இந்த அலுப்பினாலேயே பல வீடுகளில் குடிக்க மட்டும் வடிகட்டிய தண்ணீர், சோற்றுக்கும் பருப்புக்கும் குழாய்த் தண்ணீர் என்று பிரித்துவிடுகிறார்கள்; அரிசி உறிஞ்சிக்கொள்ளும் தண்ணீரும் வயிற்றுக்குள்தானே போகிறது? கழிவாக வெளியேறும் தண்ணீர் மனத்தை உறுத்துகிறது. பழைய வகைக் கருவிகள் ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு ஐந்து பங்கும் அதற்கு மேலும் சாக்கடைக்கு அனுப்பும். இது அவ்வளவு மோசமில்லை என்றாலும், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தலைமுறைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது கஷ்டம். காபி டிகாக்ஷன் மட்டும் நன்றாகவே இறங்குகிறது.

இனி தைராய்டு. கருவுற்ற முதல் சில மாதங்களில் குழந்தைக்குத் தன் சொந்தத் தைராய்டு ஹார்மோன் போதாது. அதன் சுரப்பி அயோடினைச் சேர்க்கத் தொடங்குவதே 10 முதல் 12 வாரங்களில்தான், போதுமான அளவு சுரக்க ஏறத்தாழ 20 வாரம் ஆகும். அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் தாயிடமிருந்தே போகிறது, அதனால் தாயின் சுரப்பி வழக்கத்தைவிட ஏறத்தாழ பாதி அளவு கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்கள் இரத்தத்தில் இந்த ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதத்தில் இடம்பிடித்துக்கொள்ளக் கூடியவை என்பது ஆய்வகத்தில் கண்டது. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் பகுதியில் மாசுபட்ட தண்ணீரைக் குடித்தவர்களை ஆராய்ந்த சி8 அறிவியல் குழு, பி.எஃப்.ஓ.ஏ.-வுக்கும் தைராய்டு நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-இல் முடிவு சொன்னது. வான்கூவரில் 152 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. எதிர்ப்பொருள் அதிகம் இருந்த சிறு பகுதியினரிடம் பி.எஃப்.ஏ.எஸ். கூடக் கூட, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவும் கூடியிருந்தது; சுரப்பி திணறும்போது கூடுவது அது. மற்ற ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே கவலை பொய்யல்ல. ஆனால் விற்பவர்கள் விட்டுவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. உடலில் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ. பாதியாகக் குறையவே ஏறத்தாழ 2 முதல் 4 ஆண்டுகள் ஆகும், இதே வகையில் பி.எஃப்.எச்.எக்ஸ்.எஸ். என்ற சேர்மத்துக்கு இன்னும் அதிகம். இன்று வடிகட்டி மாட்டினால் இன்று முதல் புதிதாகச் சேர்வது குறையும், ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் சேர்ந்திருப்பது பிரசவத்துக்குள் இறங்கிவிடாது. தாயின் ஹார்மோனைக் குழந்தை முழுதாக நம்பியிருக்கும் முதல் மூன்று மாதங்களைப் பொறுத்தவரை, கருவுற்ற பின் வாங்கிய வடிகட்டி தாமதமாக வந்த விருந்தாளிதான். குழந்தைக்குத் திட்டமிடும்போதே, இயன்றால் சில ஆண்டுகள் முன்பே மாட்டியிருந்தால் கதை வேறு.

அந்த மாதங்களில் என் மகளின் தைராய்டைக் காத்தது மருத்துவர் எழுதிக்கொடுத்த டி.எஸ்.எச். பரிசோதனையும், அதன்படி கூட்டிய, தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாகத் தரும் லெவோதைராக்சின் மாத்திரையும். ஏற்கெனவே அந்த மாத்திரை எடுப்பவர்களுக்குக் கருவுற்றதுமே அளவு கூட வேண்டியிருப்பது வழக்கம் என்பதால், முதல் ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். அயோடினையும் இங்கே பலர் கவனிப்பதில்லை. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. இங்கே அலமாரியில் இமயமலை இளஞ்சிவப்பு உப்பும் கோஷர் உப்பும் வைத்திருக்கும் வீடுகளில் அயோடின் சேர்த்த உப்பே இருப்பதில்லை. அமெரிக்காவில் விற்கும் கர்ப்பகால வைட்டமின் மாத்திரைகள் பலவற்றிலும் அயோடின் கிடையாது, பின்பக்கச் சீட்டைப் படித்துத்தான் வாங்க வேண்டும். அதற்காகக் கடற்பாசி மாத்திரைகளை விழுங்குவதும் ஆபத்து, மிகுதியான அயோடினும் சுரப்பியைக் கெடுக்கும்.

இந்த வடிகட்டியின் முழுப் பயனும் இனிமேல்தான் வரப்போகிறது. புட்டிப்பால் கரைக்க நேர்ந்தால், உடல் எடையோடு ஒப்பிடுகையில் வீட்டிலேயே மிக அதிகமாகத் தண்ணீர் குடிக்கப்போவது குழந்தைதான். தாய்ப்பாலிலும் இந்தச் சேர்மங்கள் ஓரளவு போகும் என்றாலும், அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு அறிவுரை தரவில்லை. தாய்ப்பாலின் நன்மையே பெரிது.

வாங்குவதற்கு முன், குடிநீர் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூலை 1-க்குள் தர வேண்டிய தர அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பி.எஃப்.ஏ.எஸ். எண்கள் லிட்டருக்கு 4 நானோகிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் இந்தச் செலவு தகும். கிணற்று நீர் பயன்படுத்தும் வீடுகளுக்கு அந்த அறிக்கை வராது என்பதால் ஆய்வகப் பரிசோதனைக்குச் சில நூறு டாலர் ஒதுக்க வேண்டும். வாடகை வீட்டில் சிங்க்கில் துளையிட அனுமதி கிடைக்காதவர்கள் அதே சான்று பெற்ற, மேசைமேல் வைக்கும் ஆர்.ஓ. கருவியைப் பார்க்கலாம். எதை வாங்கினாலும் உள்ளே மாற்ற வேண்டிய வடிப்பான்களின் ஆண்டுச் செலவை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். எங்களுக்கு விற்றவர் அதைக் கேட்ட பிறகுதான் சொன்னார்.