கொட்டகையில் கிடக்கும் எட்டு ஹெச்பி: எழுப்பலாமா, வேறு வாங்கலாமா?

அப்பாவின் அவுட்போர்டு, அதாவது வள்ளத்தின் பின்னால் மாட்டும் இஞ்சின், ஒன்பது வருடமாக வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. எட்டு ஹெச்பி, இரண்டு சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்ரோக். குமரிக் கரையில் 1980களில் அவுட்போர்டு பரவியதற்கு அப்புறம் ஒரு தலைமுறையே இந்த வகை இஞ்சினில்தான் கடலுக்குப் போனது. அந்த மாடல் தயாரிப்பு நின்று நெடுநாளாகிறது. போன வருடம் வள்ளத்துக்கு இஞ்சின் தேவைப்பட்டபோது எனக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன. இதையே எழுப்புவது, புதிதாக ஒரு மண்ணெண்ணெய் டூ-ஸ்ட்ரோக் வாங்குவது, பெட்ரோல் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறுவது, நீண்ட தண்டின் முனையில் காத்தாடி சுற்றும் டீசல் லாங் டெயில் போடுவது.

இரண்டு மாதம் விசாரித்து, கழற்றி, பூட்டிப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. பழைய இஞ்சின் பிழைக்குமா என்பதை அதன் மேல்பாதி முடிவு செய்வதில்லை. தண்ணீருக்குள் நிற்கும் பாதிதான் முடிவு செய்கிறது.

எங்கள் கரையில் இஞ்சின் வேலை பார்க்கும் பெரியவர் முதல் நாளே சொன்னார்: "மக்ளே, தலைய விடு, மொதல்ல கால பாரு." நான் அதற்குள் மூடியைக் கழற்றி ஸ்பார்க் பிளக்கைக் கையில் வைத்திருந்தேன். அவர் இஞ்சினை ஒரு ராத்திரி நிமிர்த்தியே நிற்கவிட்டு, காலையில் கியர் பாக்ஸின் அடித் திருகை மட்டும் அரைச் சுற்று தளர்த்தினார். எண்ணெயை விடத் தண்ணீர் கனமானது, அடியில் போய்த் தங்கிவிடும். முதலில் தண்ணீர் சொட்டினால், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்று அர்த்தம். பால் மாதிரி வெளுத்த எண்ணெய் வந்தாலும் அதேதான். எங்களுடையதில் கறுத்த, கெட்டியான எண்ணெய் வந்தது. இரும்புத்தூள் மினுங்கவில்லை. காத்தாடியை (ப்ரொப்பெல்லரை) கையால் சுற்றினால் கியர் விழுவதும் விடுவதும் சுத்தமாக இருந்தது.

அடுத்து உப்பு. அவுட்போர்டு கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவாமல் நிறுத்திப் போட்ட இஞ்சினில் அந்த உப்பு நீர்ப்பாதைகளில் கட்டிபிடித்து, அலுமினியத்தை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் கொப்பளித்து, கீறினால் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கவனமாகப் பார்க்க வேண்டும். மேலோட்டமாக இருந்தால் தேய்த்து எடுக்கலாம். ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினால் அந்த இஞ்சினை உதிரி பாகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பணம் போடாதீர்கள்.

இந்த இரண்டும் சரி என்றால் மீதியெல்லாம் வேலைதான். பிஸ்டன் இறுகியிருந்தால் பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி, நாலைந்து நாள் ஊறவிட்டு, ஃபிளைவீலை முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் பிஸ்டன் ரிங் உடையும். ஃபிளைவீல் சுற்ற ஆரம்பித்ததும், சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள். எத்தனை பிஎஸ்ஐ என்பதை விட, இரண்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று நன்றாகவும் ஒன்று பாதியாகவும் இருந்தால் உள்ளே ரிங்கோ சிலிண்டர் சுவரோ போயிருக்கிறது. கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் சீல் காய்ந்து வெடித்திருந்தால் காற்று உள்ளே புகுந்து கலவை மெலிந்துபோகும். அப்படி ஓட்டினால் நடுக்கடலில் பிஸ்டன் பிடிக்கும். ஆகவே சீலை மாற்றாமல் டூ-ஸ்ட்ரோக்கை எழுப்பியதாகச் சொல்லவே கூடாது.

தண்ணீர் பம்பைத் திறந்ததுதான் எனக்கு மறக்காத இடம். உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லருக்கு ஆறு இதழ்கள் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தன. நான் புது இம்பெல்லரை எடுத்து மாட்டப் போனேன். பெரியவர் கையைத் தடுத்தார். "மத்த மூணும் எங்க?" ஒரு சைக்கிள் பிரேக் கம்பியை வளைத்து, மேலே போகும் தண்ணீர்க் குழாய்க்குள் விட்டுக் குடைந்தார். இரண்டு இதழ்கள் கரிக்கட்டி மாதிரி வந்து விழுந்தன. மூன்றாவதுக்காக சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதாயிற்று. நீர்ப்பாதை திரும்பும் முக்கில் உப்போடு சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதை விட்டிருந்தால் புது இம்பெல்லரோடு இஞ்சின் ஓடியிருக்கும், பின்னால் தண்ணீரும் பீச்சியிருக்கும், மேல் சிலிண்டர் மட்டும் வெந்திருக்கும்.

தீப்பொறிக்கான பாயின்ட், கண்டென்சர், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர் எல்லாம் சில்லறை வேலை. பாயின்ட் முகத்தைத் தேய்த்து, அந்த மாடலுக்குச் சொன்ன இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தால் தீப்பொறி வந்துவிடும். கார்பரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

மாடல் நின்றுவிட்டதே, உதிரி கிடைக்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கம்பெனியே மூடினாலும் இஞ்சின் மூடுவதில்லை. எவின்ரூட், ஜான்சன் இஞ்சின்களைச் செய்த ஓஎம்சி நிறுவனம் 2000இல் திவாலானது. பின்னால் அந்தப் பெயரில் செய்துவந்த பிஆர்பி 2020இல் அவுட்போர்டு தயாரிப்பையே நிறுத்தியது. ஆனாலும் இம்பெல்லர், பாயின்ட், கேஸ்கெட் எல்லாம் வேறு கம்பெனிகள் செய்து விற்றுக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தின் பிரிட்டிஷ் சீகல் 1990களில் நின்றுபோனது, இன்றும் அதைப் பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைக்காதவை கியர், கியர் பாக்ஸ் உறை, கிராங்க். கிராங்க் தவிர, மறுபடியும் கீழ்ப்பாதிதான்.

சரி, மற்ற மூன்றுக்கு வருவோம்.

புதிய மண்ணெண்ணெய் டூ-ஸ்ட்ரோக் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் திரும்பப் பெட்ரோலுக்கு வருவது என்று பழக்கம் அப்படியே இருக்கும். ஆனால் மண்ணெண்ணெய் முன்பு மாதிரி தாராளமாகக் கிடைப்பதில்லை. பழைய இஞ்சினுக்கும் இந்தத் தலைவலி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு நான் பெரிய பணம் கொட்டவில்லை. புதியதற்குக் கொட்ட வேண்டும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் நிஜமாகவே நல்ல இஞ்சின். கார்பரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்கு வரை எரியாமலேயே புகையோடு வெளியேறும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அந்த வீணடிப்பு இல்லை, எண்ணெய் கலக்கும் வேலையும் இல்லை, சத்தம் குறைவு. துறைமுகத்தில் கட்டும் படகாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் எங்களுடையது மணலில் ஏற்றும் வள்ளம். பழைய எட்டு ஹெச்பி சுமார் 27 கிலோ. அதே அளவு ஃபோர்-ஸ்ட்ரோக் 40 கிலோ பக்கம் வருகிறது. கரையடிக்கும் அலையில் ஒரே ஆளாக இஞ்சினைத் தூக்கிச் சாய்க்கும்போது அந்த 13 கிலோ இடுப்பில் தெரியும்.

இன்னொன்று, கடைக்காரர்கள் சொல்லாத விஷயம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல நிறுவனங்களின் அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஏற்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடல் காற்றில் மூடி சரியில்லாத டேங்கில் நாள்கணக்கில் கிடந்தால் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் நிற்கும். பழைய இஞ்சினில் எத்தனால் ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் உப்பவைக்கும், அதனால் எல்லா ரப்பரையும் புதிதாக, எத்தனால் தாங்குவதாக மாற்றினேன். நீங்கள் எதை வாங்கினாலும் சரி, டேங்குக்கும் இஞ்சினுக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போட்டுவிடுங்கள்.

லாங் டெயில் டீசலுக்குத்தான் நான் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டேன். காற்றால் குளிரும் இஞ்சின் என்பதால் உப்புத்தண்ணீர் அதன் உள்ளே போவதே இல்லை. மேலே எழுதிய இம்பெல்லர், அடைப்பு, அரிப்புக் கதை முழுவதும் அதற்கு இல்லை. ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட தண்டை அப்படியே தூக்கிவிடலாம். டீசல் எல்லாப் பங்கிலும் கிடைக்கும், வாகன மெக்கானிக்கே பழுது பார்ப்பார். தினமும் ஐந்தாறு மணி நேரம் ஓடுகிறவர்களுக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது என்றே நினைக்கிறேன். குறை என்றால் எடை, அதிர்வு, காதைப் பிளக்கும் சத்தம். பல வருடம் லாங் டெயில் ஓட்டியவர்களிடம் பேசும்போது குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு மனம் பின்வாங்கியது. காதடைப்பான் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள் என்று வாங்குகிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

நான் வாரத்தில் மூன்று நாள், கரை கண்ணில் படும் தூரத்துக்குள் வலை விடுகிறவன். ஆனி ஆடியில் கடல் பொங்கும்போது வள்ளத்தை இறக்குவதில்லை. என் கணக்குக்குப் பழைய எட்டு ஹெச்பி போதும். உதிரிக்கும் கூலிக்கும் சேர்த்து ஆன செலவு, புதிய இஞ்சின் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. தினமும் ஆழத்துக்குப் போகிறவர் என்னைப் பார்த்து இதைச் செய்ய வேண்டாம். ஒன்பது வருடம் தூங்கிய பேரிங் எப்போது முரண்டு பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நானே துடுப்பும் பாயும் இல்லாமல் கிளம்புவதில்லை.

எழுப்பிய இஞ்சினை நேராகக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி இருபது நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். சிலிண்டர் ஹெட்டின் மேலும் கீழும் தொட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அடைப்பு மிச்சமிருக்கிறது. பைக்குக்கு ஊற்றும் டூ-டி எண்ணெய் வேண்டாம், தண்ணீரில் குளிரும் இஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 (TC-W3) எண்ணெய் கேட்டு வாங்குங்கள். ஐந்து மணி நேரம் ஓடியதும் கியர் பாக்ஸ் அடித் திருகை மறுபடி தளர்த்திப் பாருங்கள். எங்களுடையதில் புது எண்ணெய் ஊற்றிய நிறத்திலேயே சொட்டியது. அப்பா அதை விரலில் தொட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.