ராமநாதபுரம் ஜப்பானிய வகுப்பு: பாடம் அருமை, கையேடு திருந்த வேண்டும்

ராமநாதபுரத்தில் சனி, ஞாயிறு நடக்கும் இந்த என்5 (ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலை) தேர்வு வகுப்பில், இலக்கணத்தைத் தமிழோடு ஒப்பிட்டே தொடங்குகிறார்கள். நல்ல முடிவு. இரண்டிலும் வினை கடைசியில் வரும். 'வாங்கிச் சாப்பிட்டேன்' என்பதில் 'வாங்கி' செய்யும் வேலையை ஜப்பானியத்தில் வினையின் 'தே' (te) வடிவம் செய்யும். ஆங்கில வழியில் படித்தால் இந்த வசதி வீண்.

சறுக்குவது வேற்றுமையில்தான். 'பாம்பனில் இருக்கிறார்', 'பாம்பனில் மீன் வாங்கினார்' இரண்டுக்கும் நமக்கு 'இல்' போதும். ஜப்பானியத்தில் இருப்புக்கு 'நி', செயலுக்கு மெல்லொலி 'தே' (de). 'இருக்கிறது' என்பதும் இரண்டாகப் பிரியும்: கடலில் நீந்தும் மீனுக்கு 'இரு', கூடையில் கிடக்கும் மீனுக்கு 'அரு'. இதற்கு இரண்டு முழு வகுப்புகள் ஒதுக்கியிருப்பது பாராட்டத்தக்கது. பேசுபொருளைக் காட்டும் 'வா', எழுவாயைக் காட்டும் 'கா' உருபுகளை மட்டும் அவசரமாகக் கடக்கிறார்கள். அதற்கும் அதே நேரம் தேவை.

கையேடுதான் பெரிய குறை. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தில் வல்லொலி, மெல்லொலி வேறுபாடு தெரியாததால் தங்கம் (kin), வெள்ளி (gin) இரண்டும் 'கின்' ஆகின்றன; மேலே சொன்ன இரண்டு 'தே'யும் ஒன்றாகின்றன. சேருவதற்கு முன்பே ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்து வரிசையான ஹிரகானாவின் 46 எழுத்தையும் எழுதிப் பழகிவிடுங்கள், கையேட்டின் தமிழ் வரியை மறைத்துவிட்டுப் படியுங்கள். இந்த ஒலி வேறுபாடு காதில் பிடிபட வேண்டும்: என்5 தேர்வில் கேட்டல் பகுதிக்குத் தனியாக 60க்கு 19 எடுத்தே ஆக வேண்டும்.