பாலஸ் கப்பலின் அன்றாடம்: கேப்ரியல் பிரேயின் ஓவியங்கள்

1774 கடைசியில் இங்கிலாந்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய பாலஸ் போர்க்கப்பலில் இரண்டாம் லெப்டினன்டாக இருந்தவர் கேப்ரியல் பிரே. அவர் வரைந்த எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும். அதனால் இத்தகைய படங்களை நிரந்தரமாகச் சுவரில் மாட்டி வைப்பதில்லை. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்ப்பதே நல்ல வழி.

படுக்கைத் தூளியை மேலே கொண்டுவரும் மாலுமியின் படத்தில் தொடங்குங்கள். காலையில் விசில் ஊதியதும் கித்தான் தூளியை மெத்தையோடு இறுகச் சுருட்டி, கயிற்றால் சுற்றிக் கட்டி மேல்தளத்துக்குத் தூக்கிவர வேண்டும். பக்கவாட்டில் உள்ள வலைகளில் அவற்றை வரிசையாக அடுக்குவார்கள். கீழ்த்தளம் காற்றாடும், கழுவ இடம் கிடைக்கும். சண்டை வந்தால் அதே வரிசை துப்பாக்கிக் குண்டுகளையும் தடுக்கும். கட்டு தளர்ந்தால் தூளி வலையில் சரியாக உட்காராது, மழை உள்ளே இறங்கி இரவெல்லாம் ஈரப் படுக்கைதான். கீழே ஆளுக்கு ஒதுக்கிய அகலமோ 14 அங்குலம்!

பீரங்கிமேல் சாய்ந்து நிற்பவரின் படமும் அருமை. பாலஸின் முக்கிய பீரங்கிகள் 12 பவுண்டு குண்டு வீசுபவை. ஒவ்வொன்றும் ஒன்றரை டன்னுக்கு மேல். கடலில் அவற்றைக் கயிறுகளால் அசையாமல் கட்டி வைத்திருப்பதால்தான் இப்படி நிம்மதியாகச் சாய முடிகிறது. செனகல் கரையோரம் கப்பல் நின்றபோது நங்கூரத்தின்மேல் உட்கார்ந்து தூண்டில் போடும் இருவரையும் தவறவிடாதீர்கள். உப்பிட்ட இறைச்சியே தின்று சலித்தவர்களுக்கு ஒரு பச்சை மீன் எவ்வளவு பெரிது!

உடைகளையும் நிதானமாகப் பாருங்கள். சாதாரண மாலுமிகளுக்கு பிரிட்டிஷ் கடற்படை சீருடை வகுத்தது 1857இல்தான். அதற்கு முன் அவர்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு, கரையில் இருந்தபடி அச்சடித்த கேலிப்படங்களைவிட இவை நம்பகமானவை.

குறையும் உண்டு. இது மேலதிகாரியின் பார்வை. வரையப்பட்டவர்களின் மனதில் என்ன ஓடியது என்பது தெரியாது. கப்பல் போன கரையோரக் கோட்டைகள் அடிமை வணிகத்தோடு பிணைந்தவை. அதை மனதில் வைத்தே இந்த அமைதியான காட்சிகளைப் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது தலைப்பில் உள்ள மாதத்தையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு அந்த வரிசையிலேயே போங்கள். கலைத்துப் போட்டுப் பார்த்தால் பயணம் பிடிபடாது.